நேர்த்திக் காலத்துப் பியர்

போன சனிக்கிழமை என் மகன் பிறிகர்சில் நின்று ஒரு போத்தலைத் திறந்தான். டொப் என்றது. வீடு நிறையச் சனம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். ஒருத்தி நான். மற்றவர் யார் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் பாதியில் எழும்பிப் போய்விடுவீர்கள்.

பிறிகர்ஸ் என்பது டென்மார்க் வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறை. சப்பாத்து, குடை, சலவை இயந்திரம் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். பழைய நாளில் வீட்டுக்கு வேண்டிய பியரை அங்கேதான் காய்ச்சினார்களாம், பெயரும் அதனால் வந்ததாம். நாங்கள் வந்து அதில் மீன் வெட்டினோம், கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு மிளகாய் வறுத்தோம். மகன் இங்கே பிறந்தவன். அறையை அதன் பழைய வேலைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். "எவ்வளவு சீனி போட்டனி?" என்று நான் கேட்டால், கவலைப்படாதேங்கோ அம்மா என்று டேனிஷில் பதில் வரும். எப்படிக் கவலைப்படாமல் இருப்பது? பியருக்குச் சீனி போடுகிற விஷயத்தில் எனக்கு இருக்கிற அனுபவம் அவனுக்குத் தெரியாது.

நான் வாழ்நாளில் பியர் குடித்தவள் இல்லை. பெந்தெகொஸ்தே சபைக்காரி. இருமல் மருந்தைக்கூட லேபிள் பார்த்துத்தான் குடிப்பேன். ஆனாலும் முளைவிட்ட பார்லி கொதிக்கிற அந்த மணம் மூக்கில் பட்டதும் எனக்குக் கிரின்ஸ்டெட் ஊர் நினைவுக்கு வந்துவிடும். வறுத்த உழுத்தம்மாவில் களி கிண்டுகிற மணம் அது. ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்ட பிறகுதான் வேறு மணமாகும், வேப்பம்பூவை யாரோ ஈரச் சாக்கில் கட்டி வைத்தது போல.

கிரின்ஸ்டெட்டில் அப்போது நாங்கள் குடியிருந்தது ஒரு கூரையின் கீழ் இரண்டு வீடு. இந்தப் பாதியில் நானும் இவரும். இவர் லொறி ஓட்டினார், கிழமைக்கணக்காக ஜெர்மனிப் பக்கம் போய்விடுவார். ஊரில் பஸ் குறைவு, எனக்கோ கார் ஓட்டத் தெரியாது. முதியோர் இல்லத்து வேலைக்குச் சைக்கிளில் போய் வருவேன். மற்ற நேரம் என் உலகம் மற்றப் பாதி வீடுதான். அதில் சூசை அண்ணையும் மாக்கிறட் அக்காவும் இருந்தார்கள். மன்னார்ப் பக்கம், கத்தோலிக்கர். நிலவறை மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. துணி காயப்போடும் கொடியும், வீட்டைச் சூடாக்குகிற கொதிகலனும், எங்கள் சபையின் கிடாரமும் அங்கே இருந்தன. ஞானஸ்நானமோ நத்தார்ப் பண்டிகையோ வந்தால் முழுச் சபைக்கும் புரியாணி போடுகிற கிடாரம். வைக்க வேறு இடமில்லை என்று பாஸ்டர் என் பொறுப்பில் விட்டிருந்தார்.

சூசை அண்ணை நல்ல மனிதர், நன்றாகக் குடிப்பார். இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்வது எங்கள் சபையில் பிடிக்காது, ஆனால் உண்மை அதுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுக் கேட்கத் தொடங்கினால் அண்ணை நல்ல நிலைமையில் இருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பாட்டு ஒரு தை மாதம் நின்றுபோனது.

அவருக்கு ஒரேயொரு தங்கச்சி, பிலோமினா. தாய் பிள்ளைப்பேற்றோடு செத்துப்போக, இடுப்பில் தூக்கிவைத்து வளர்த்தது அண்ணைதான். பிலோ அக்கா சட்டை போட்ட சிறுமியாக இருந்தபோது அண்ணை டென்மார்க்குக்கு வந்துவிட்டார், செல் குண்டு விழுகிற சத்தத்தைக் காதால் கேட்கும் முன்பே. நான் சொல்கிற காலத்தில் அவள் புருஷன் பிள்ளைகளோடு வன்னியில் இருந்தாள். சண்டை எல்லாரையும் கடற்கரைப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போன மாதங்கள் அவை. தைக்குப் பிறகு அவளிடமிருந்து தொலைபேசி இல்லை. அண்ணை மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்: பிலோவின் குரலைக் கேட்கும்வரை ஒரு சொட்டு மது வாயில் வைப்பதில்லை. வைத்துவிட்டு, வைத்தபடியே நின்றார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த பென்ட் என்ற டேனிஷ்காரர் இதைக் கவனித்திருக்கிறார். சாப்பாட்டு அறையில் அண்ணை கொண்டுபோன பாண் பொட்டலத்தைப் பிரிக்காமல் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். டேனிஷ்காரர்களுக்கு இப்படியான நேரத்தில் ஆறுதல் சொல்ல வராது. கையில் ஒரு வேலையைத் தருவார்கள். பென்ட் ஒரு நாள் தன் காரின் பின்பக்கம் நிறையப் பிளாஸ்டிக் பீப்பா, குழாய்கள், பார்லி மூட்டை, போத்தலுக்கு மூடி அழுத்துகிற கருவி எல்லாம் கொண்டுவந்து இறக்கினார். கை சும்மா இருந்தால் தலை சுற்றும், பியர் காய்ச்சு, நான் வேனிலில் வந்து குடித்துப் பார்க்கிறேன் என்றார். பிறகு தன் கோடை வீட்டுக்குக் கூரை மாற்றப் போய்விட்டார்.

மாக்கிறட் அக்கா கேட்டாள், நேர்த்தி வைத்த மனிசனுக்குப் பியர் எதுக்கு என்று. அண்ணை மிகவும் நிதானமாகச் சொன்னார்:

"குடிக்கமாட்டன் எண்டுதான் மாதாவிட்டைச் சொன்னனான். காய்ச்சமாட்டன் எண்டு சொல்லேல்லையே."

அதோடு, பிலோ எடுத்தவுடனே திறக்க ஒரு போத்தல் வேண்டாமா என்றும் கேட்டார்.

பென்ட் விட்டுப்போன செய்முறைத் தாள் டேனிஷில் இருந்தது. அண்ணையின் டேனிஷ் தொழிற்சாலை டேனிஷ், "நிறுத்து", "தள்ளு", "காப்பி" மூன்றும் நன்றாக வரும். நான் மொழிப் பள்ளியில் புதிதாகப் பாஸ் பண்ணியவள். "பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்றார். வாசிக்க மட்டும்தான் போனேன். வாசித்தால் முதல் வரியிலேயே பெரிய பாத்திரம் வேண்டும் என்று இருந்தது. அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு பாத்திரம் ஒன்றுதான் இருந்தது.

சபையின் கிடாரத்தில் பியர் காய்ச்சினேன். காய்ச்ச முன்னும் காய்ச்சின பின்னும் நன்றாகக் கழுவினேன், கர்த்தருக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் கற்ற சுத்தமெல்லாம் அதில்தான் இறங்கியது. அண்ணையைக் கை கழுவாமல் ஒரு கரண்டியைத் தொட விடவில்லை. வடிக்கத் துணி வேண்டும் என்றபோது அவர் மேலே போய்த் தன் கலியாண வேட்டியைக் கொண்டுவந்தார். அதையும் அவித்தேன். நான் ஒரு கரை, அவர் ஒரு கரையாகப் பிடித்து வடித்து முடிக்க, வேட்டி தேயிலைச் சாயத்தில் தோய்த்த மாதிரி ஆகிவிட்டது. மாக்கிறட் அக்கா படியில் நின்று பார்த்துவிட்டு, கலியாணத்தன்று பிடித்த சனியனை இப்போதுதான் பிழிந்து எடுக்கிறீர்கள் என்றாள். தைக்குப் பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் பகிடி அது.

ஈஸ்ட் போட்டுப் பீப்பாவை மூடினோம். மூடியில் தண்ணீர் நிரப்பிய ஒரு வளைந்த குழாய் உண்டு. உள்ளே புளிக்கப் புளிக்கக் காற்று அதன் வழியாகக் குளுக் என்று வெளியே வரும். அண்ணை வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை நிலவறைக்குப் போய்க் காதைக் கொடுத்துக் கேட்பார். "உயிரோடைதான் இருக்கு, பிள்ளை" என்று எனக்கு வந்து சொல்வார். எதைச் சொல்கிறார் என்று நான் கேட்பதில்லை.

அந்தக் கிழமை என் வீட்டில் ஜெபக்கூட்டம். எங்கள் பாஸ்டர் வார நாட்களில் தண்ணீர்க் குழாய் பொருத்துகிற வேலை செய்கிறவர். வன்னியில் அகப்பட்ட சனங்களுக்காக, பெயர் சொல்லிப் பிலோ அக்காவுக்காகவும், உருகி ஜெபித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் மௌனமான ஒரு நேரம் பார்த்துக் கீழே இருந்து குளுக். பாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குளுக். ஆமென் சொன்ன கையோடு, "சகோதரி, உங்கடை பைப்பிலை காத்து நிக்குது, நான் ஒருக்கா இறங்கிப் பாக்கிறன்" என்று சட்டைக் கையை மடித்தார். அது சூசை அண்ணையின் பக்கத்துப் பைப், கத்தோலிக்கப் பைப், அவர்களே ஆள் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லி, நிலவறைக் கதவுக்கு முன்னால் கட்லட் தட்டோடு நின்றுகொண்டேன். கட்லட் என்றால் பாஸ்டருக்குக் கொஞ்சம் பலவீனம், அதனால் தப்பினேன். மேலே பிலோ அக்காவுக்காக ஜெபம், கீழே பிலோ அக்காவுக்காகப் பியர். இதில் என்ன பிழை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

போத்தலில் அடைக்கிற நாளும் வந்தது. போத்தலுக்குப் பஞ்சமில்லை. நேர்த்திக்கு முந்திய காலத்துக் கபில நிறப் போத்தல்கள் கொதிகலனுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன, கடையில் திருப்பிக் கொடுக்கச் சோம்பல். அடைக்குமுன் பியரில் கொஞ்சம் சீனி கலக்க வேண்டும், அதைத் தின்றுதான் ஈஸ்ட் உள்ளே நுரையை உண்டாக்கும். தாளில் போட்டிருந்த அளவை நான் தராசில் நிறுத்துக் கலந்தேன். அண்ணை மேலே போய் ஒரு சின்ன ஓலைக் குட்டானோடு வந்தார். சமாதான காலத்தில் யாரோ வந்தபோது பிலோ அக்கா கொடுத்தனுப்பிய பனங்கட்டி. அதுநாள்வரை குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில் வைத்து, மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

சீனி ஏற்கெனவே போட்டாயிற்று அண்ணை, இதுக்கு மேலே போட்டால் கூடிப்போகும் என்று சொன்னேன். அவருக்கு அது ஏறவில்லை. ஊரில் ஒரு கடி பனங்கட்டி, ஒரு மிடறு தேத்தண்ணி என்று குடித்து வளர்ந்த மனிதர், பனங்கட்டி கூடிப்போய்க் கெட்ட சாமான் அவர் வாழ்க்கையில் இல்லை. "அவளின்ரை கையாலை ஒரு துண்டு இருக்கட்டும், பிள்ளை" என்றார். கத்தியால் தட்டி, எல்லாப் போத்தலுக்குள்ளும் ஒவ்வொரு துண்டு விட்டார். நான் மூடி அழுத்துகிற கருவியைக் கையில் எடுத்தேன். சாதாரணமாகக் காய்ச்சுகிறவர்கள் இடையில் ஒன்றைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்களாம். எங்கள் வடிசாலையில் முதலாளி நேர்த்திக்காரர், வேலையாள் பெந்தெகொஸ்தே. யார் பார்ப்பது? முதலில் சூட்டில் வைத்துப் பிறகு குளிரான இடத்துக்கு மாற்றவும் என்று தாளில் இருந்தது. கொதிகலன் பக்கத்தில் வைத்தோம்.

மாற்றவில்லை. வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அண்ணை வேலைக்குப் போய் வந்தார், சோபாவில் இருந்தார். சுரண்டிப் பாவிக்கிற தொலைபேசி அட்டை ஒன்று சட்டைப் பையில் எப்போதும் தயாராக இருந்தது, யாருக்கு எடுப்பது என்றுதான் தெரியவில்லை. முகாமுக்கு வந்தவர்களின் பெயர் விசாரித்து எங்கெங்கோ கேட்டார்கள். மாக்கிறட் அக்கா சமைத்ததை அப்படியே எனக்குக் கொண்டுவந்து தருவாள். பியரின் நினைப்பு ஒருவருக்கும் இல்லை. நான் துணி காயப்போடப் போகும்போது மட்டும் போத்தல்கள் ஒழுங்காக நிற்பதைப் பார்த்துவிட்டு வருவேன்.

பென்டுக்கு மட்டும் நினைவிருந்தது. ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் ஜட்லாந்துப் பக்கத்தில் அபூர்வமாக அடிக்கிற வெயிலில், ஒரு பை பொரித்த பன்றித்தோலோடு வந்து சூசை அண்ணை வீட்டுக் கதவைத் தட்டினார். பியர் எங்கே என்றார். அங்கே இருந்த நான் நேர்த்தியை டேனிஷில் விளக்கினேன். நத்தாருக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவருக்கு மாதாவோடு போட்ட ஒப்பந்தத்தை விளக்குவது லேசான வேலையில்லை. கடைசியில் பென்ட், அப்படியானால் காப்பி குடிப்போம் என்று பெருந்தன்மையாக உட்கார்ந்தார்.

அப்போதுதான் அண்ணையின் தொலைபேசி அடித்து நின்றது. கையில் காசில்லாதவர்கள் அப்படித்தான் அடித்து நிறுத்துவார்கள், நாங்கள் திருப்பி எடுக்க வேண்டும். இலங்கை இலக்கம். அட்டையின் நீண்ட இலக்கங்களை அண்ணை அமத்தினார், பிழையாகிவிட்டது. மாக்கிறட் அக்கா பறித்து அமத்தினாள், அதுவும் பிழை. நான் வாங்கி அமத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன்.

"அண்ணை, நான் பிலோ."

அண்ணை மேசைமேல் குனிந்தார். தானும் பிள்ளைகளும் முகாமில் இருப்பதாக, யாரோ ஒருவரின் தொலைபேசியில் ஒளித்துக் கதைப்பதாக அவள் அவசரமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அந்த நேரம் பார்த்துக் கீழே முதல் போத்தல் வெடித்தது.

வெடித்தது என்றால் வெடித்ததுதான். தரை அதிர்ந்தது. அதன் கண்ணாடி பட்டு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது.

"அண்ணை, என்ன சத்தம் அது?"

"ஒண்டுமில்லை, பிலோ" என்றார். தங்கச்சியிடம் அவர் சொன்ன முதல் சொல் அதுதான். கீழே மறுபடி படார்.

"எனக்குத் தெரியும் அண்ணை அந்தச் சத்தம். விழுந்து படுங்கோ. எல்லாரையும் படுக்கச் சொல்லுங்கோ."

அது பியர் என்று அண்ணைக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும், மாக்கிறட் அக்காவுக்கும் தெரியும். ஆனால் அண்ணை ஒரு கேள்வி கேட்கவில்லை. தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு, தொந்தி தரையில் பட, கம்பளத்தில் குப்புறப் படுத்தார். மாக்கிறட் அக்கா படுத்தாள். எனக்கு யாழ்ப்பாணத்துப் பங்கர் பழக்கம், உடம்பு எனக்கு முன்பே படுத்துவிட்டது. என்ன சொல்கிறாள் என்று பென்ட் கேட்டார். படுக்கச் சொல்கிறாள் என்றேன். அவ்வளவு பெரிய மனிதர், காப்பிக் கோப்பையைக் கவனமாகப் பக்கத்தில் வைத்துவிட்டு எங்களோடு நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டார்.

"படுத்திட்டியளோ?"

"ஓம் பிலோ, படுத்திட்டம்."

"தலையைத் தூக்காதேங்கோ."

"தூக்கேல்லை."

இத்தனை மாதமும் அவளுக்காக ஒன்றும் செய்ய முடியாமல் தவித்த மனிதர். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான், அதைச் செய்தார். கம்பளத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார், சத்தமில்லாமல். நானும் அழுதேன். கீழே ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருந்தது. புருஷனைப் பற்றி அண்ணை கேட்டபோது, அதைப் பிறகு கதைப்போம் என்று மட்டும் சொன்னாள். எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. பென்டுக்கும் விளங்கியது என்றுதான் நினைக்கிறேன், தலையை அண்ணையின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

பிறகுதான் அண்ணை சொன்னார், பியர் வெடிக்குது பிலோ, நீ அனுப்பின பனங்கட்டி என்று. பிறகு அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை முகாமில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "குடிச்சிருக்கிறியளோ அண்ணை?" என்று கேட்டாள். இல்லை, நீ எடுக்குமட்டும் நேர்த்தி என்று அவர் சொல்லி முடிக்குமுன் அட்டை முடிந்து தொடர்பு அறுந்தது.

சத்தம் அடங்கிக் கீழே போனால் நிலவறை முழுக்க நுரை. என் கொடியில் காய்ந்த இவருடைய வெள்ளைச் சட்டைகளில் பியர் ஊறியிருந்தது. எத்தனை முறை தோய்த்தாலும் போகாத மணம். இவர் லொறியால் வந்து அதைப் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போக, பாஸ்டர் கைகொடுத்தவர் கையை விடாமல் மணந்து பார்த்தது தனிக் கதை. கதவோரம் ஒரு போத்தல் மட்டும் தப்பியிருந்தது. பென்ட் அந்தக் கலியாண வேட்டியால் அதைச் சுற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். நேர்த்தி முடிந்துவிட்டது, இனிக் குடிக்கலாம். அண்ணை திறந்தார். பியர் ஆப்பிள் மரத்துக்கு மேலே போனது. அடியில் மிஞ்சிய ஒரு மிடறைக் குடித்துவிட்டு, பனங்கட்டி மணக்குது என்றார்.

அந்த வீடு இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். புது வீடுகளுக்கு நிலவறை கிடையாது. கபிலப் போத்தல்கள் போய்த் தகர டின் வந்துவிட்டது. சுரண்டுகிற அட்டையை மகனிடம் சொன்னால் லொத்தர்ச் சீட்டா என்று கேட்கிறான். கிடாரம் ஹொல்ஸ்டெப்ரோ சபைக்குப் போனது, அதன் பூர்வீகம் அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பென்ட் போய்விட்டார். போன வருஷம் சூசை அண்ணையும் போய்விட்டார். அவருடைய ஆண்டுத்திவசப் பூசை முடிந்து சாப்பிட வந்த சனம்தான் போன சனிக்கிழமை என் வீடு நிறைய. பிலோ அக்கா முதல்முறையாக விசா கிடைத்து வந்திருந்தார்.

ஓம், மற்றவர் அவர்தான். மகன் கொடுத்த கிளாசில் ஒரு வாய் வைத்துப் பார்த்து, கசக்குது தம்பி, கொஞ்சம் பனங்கட்டி போட்டிருக்கலாம் என்றார். நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன். மகன் அடுத்த போத்தலைத் திறந்தான். இந்த முறை கொஞ்சம் பலமாகவே டொப் என்றது. பிலோ அக்கா அசையவில்லை. கிளாசை மடியில் வைத்துக்கொண்டு, காலடித் தரையைப் பார்த்தார்.

"அண்ணை எண்டால் இப்ப விழுந்து படுத்திருப்பார்" என்றார்.